சினிமாவப் பத்திப் படிக்க ஆன்லைன் கோர்ஸ்: ஓசியா, காசு கட்டியா, இல்ல நாமளே கூடிப் படிக்கவா?

போன மாசம் மட்டும் மூணு பேரு ஒரே கேள்வியக் கேட்டுட்டாவ. அம்பாசமுத்திரத்துல பி.ஏ. இங்கிலீஷ் மூணாம் வருசம் படிக்குற தங்கச்சி ஒருத்தி, தென்காசியில மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆன அண்ணாச்சி ஒருத்தர், பாளையங்கோட்டையில மொபைல் கடையில நின்னுக்கிட்டு எப்படியாச்சும் அசிஸ்டென்ட் டைரக்டரா மெட்ராஸுக்குப் போயிரணும்னு துடிக்குற தம்பி ஒருத்தன். "சினிமாவ முறையாப் படிக்கணும், ஊர விட்டு வர முடியாது, ஆன்லைன்ல எதுல சேரட்டும்?" இதான் கேள்வி. ஆளாளுக்கு வாய்ஸ் நோட் போட்டுத் தொண்ட வறண்டு போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிருதேன்.

நான் வாத்தியார்லாம் கிடையாது பாத்துக்கிடுங்க. வண்ணாரப்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறவன். 4 வருசத்துல 4 கோர்ஸ்ல சேந்தேன், ரெண்ட முடிச்சேன், ஒண்ணப் பாதியில விட்டேன், ஒண்ணுல நல்லா ஏமாந்தேன். அந்தத் தகுதிதான்.

## மொதல்ல ஒரு குழப்பம்

ஃபிலிம் ஸ்டடீஸ்னா படம் எடுக்கச் சொல்லிக்குடுக்குறது இல்ல. லென்ஸ் மாட்டவோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஓட்டவோ அதுல கத்துக்கிட முடியாது. எடுத்து வச்ச படத்த எப்படிப் பாக்கணும், அது நம்மள என்ன செய்யுது, எதால செய்யுது, அதத்தான் படிக்கோம். பரியேறும் பெருமாள் கடைசி ஷாட் ஞாவகம் இருக்கா? ரெண்டு டீ கிளாஸு, நடுவுல ஒரு பூ. 2018ல தியேட்டர்ல பாத்தப்போ எனக்குத் தொண்டைய அடைச்சுது, ஏன் அடைச்சுதுன்னு சொல்லத் தெரியல. படிச்சதுக்கப்புறம் கொஞ்சம் சொல்ல வந்துச்சு: அதுல ஆளு இல்ல, வசனம் இல்ல, படம் பூரா சொன்ன விசயத்த அந்த ரெண்டு கிளாஸும் நடுவுல உள்ள அந்தச் சாண் இடமும் சொல்லிருது. ஃபிரேமுக்குள்ள எதத் தூக்கி எங்க வைக்காவங்குறதுக்கு மிசான்சென்னு பிரெஞ்சுல ஒரு பேரு வச்சிருக்காவ. எந்த அறிமுகக் கோர்ஸ்ல சேந்தாலும் மொத ரெண்டு வாரத்துக்குள்ள இந்த வார்த்தை வந்துரும்.

மொபைல் கடைத் தம்பிக்கு இத ரெண்டு தடவ சொன்னேன். அவனுக்கு வேண்டியது டைரக்‌ஷன் கோர்ஸா இருந்தா இந்தக் கட்டுரை பாதிதான் ஒதவும். ஆனா பாக்கத் தெரியாம எடுக்கப் போயி என்னத்தக் கிழிக்க, அதனால அவனும் படிக்கட்டும்.

## எத வச்சு எடை போட?

எல்லாரும் மொதல்ல ரூவாயக் கேக்காவ, அடுத்தாப்ல சர்ட்டிபிகேட்டு. நான் வேற ஒண்ண மேல வைப்பேன்: நீங்க எழுதுறத ஒரு மனுசன் படிச்சுத் திருத்துவாரா? சினிமாவப் படிக்குறதுங்குறது கடைசியில எழுதுறதுதான். பாத்த காட்சியப் பத்தி ஒரு பக்கம் எழுதி, அத ஒருத்தர் வாசிச்சு "இங்கன தப்பு, இது நீ பாத்ததில்ல, நீயா நெனச்சது"ன்னு சொன்னாத்தான் கண்ணு தொறக்கும். லெக்சர் வீடியோ ஒலகம் பூரா ஓசியில கொட்டிக்கெடக்கு, ஒங்க எழுத்தப் படிக்குறவருதான் கெடைக்கமாட்டாரு. காசு குடுக்குறதா இருந்தா அதுக்குக் குடுங்க.

அதுக்கப்புறம்: படம் எங்க பாக்க? இது யாரும் சொல்லாத செலவு. கோர்ஸ்ல துண்டு துண்டா ரெண்டு நிமிசம் கிளிப்தான் காட்டுவாவ, முழுப்படத்த நீங்கதான் தேடணும். ரெண்டு ஓடிடி சந்தா, டேட்டா, எல்லாம் ஒங்க கணக்கு. 720ல வச்சு ஒரு மணி நேரம் ஓட்டுனா 1 ஜிபி பக்கத்துல போயிரும், தெனம் ஒண்ணரை ஜிபி பிளான் வச்சிருக்குறவுக ரெண்டு மணி நேரப் படத்த முக்காவாசியில நிப்பாட்டி மறுநா மீதியப் பாக்கணும். நான் அப்படித்தான் பாத்தேன். சஸ்பென்ஸ் படத்த அப்படிப் பாத்துப் பாருங்க, தெரியும்.

மொழி. தமிழ்ல முறையான அறிமுகக் கோர்ஸ்னு தேடி நான் அலுத்துட்டேன், கீழ வர்றது எல்லாம் இங்கிலீஷ் பாடம்தான். நேரம்: அவுக சொல்லுற மணிக்கு ஒக்காரணுமா, நமக்குத் தோதான மணிக்கா? சர்ட்டிபிகேட்டு: காலேஜ்ல கிரெடிட் வேணும்னா மட்டும் இது பெரிய விசயம். மத்தபடி எந்த டைரக்டரும் ஆபீஸ்ல ஒங்க சர்ட்டிபிகேட்ட எடுத்துப் பாக்கமாட்டாரு. இருக்குற அஞ்சு வழியையும் கீழ ஒரே கட்டத்துல போட்டிருக்கேன், ஒவ்வொண்ணும் என்னன்னு அதுக்கப்புறம் தனித்தனியா வரும்.

| | ஸ்வயம் / என்பிடெல் | கோர்செரா | எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர் | லைவ் ரசனை வகுப்பு | நாமளே கூடி |
|---|---|---|---|---|---|
| வெளிப்படைச் செலவு | பாடம் ஓசி, பரீட்சைக்கு 1,000 ரூவா | சர்ட்டிபிகேட்டு வேணும்னா பணம் | ஒண்ணுமில்ல | ஆயிரக்கணக்குல, ஜிஎஸ்டி வேற | புரொஜக்டர் வாடகை, டீ |
| மறைஞ்ச செலவு | பரீட்சை சென்டருக்குப் போக்குவரத்து | மாசக்கணக்கு இழுத்தா பணம் கூடும் | ஒங்க வைராக்கியம் | சாயங்காலம் பூரா போயிரும் | ஆளச் சேக்குற பாடு |
| எழுத்த யாரு படிப்பா | பெரும்பாலும் யாருமில்ல | கூடப் படிக்குறவுக | யாருமில்ல | வாத்தியாரு | சேக்காளிக |
| நேரம் | வாராவாரம் கெடு | நம்ம இஷ்டம் | நம்ம இஷ்டம் | அவுக சொல்லுற மணி | மாசம் ஒரு ஞாயித்துக்கெழம |
| கிரெடிட் | காலேஜ் ஒத்துக்கிட்டா உண்டு | நம்மூர்ல பெருசா இல்ல | இல்ல | பயோடேட்டாவுல போடலாம் | இல்ல |

## ஸ்வயம், என்பிடெல்

அரசாங்கத்தோட ஸ்வயம் தளம் 2017ல வந்துச்சு, அதுல ஐஐடிகாரங்க நடத்துறது என்பிடெல். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஆயிஷா இக்பால் எடுத்த ஃபிலிம் ஸ்டடீஸ் அறிமுகப் பாடம் இங்கதான் இருக்கு, லெக்சர் யூடியூப்லயே கெடக்கு, சேராமலே கூடப் பாத்துக்கிடலாம். ஜனவரி, ஜூலைன்னு வருசத்துல ரெண்டு தடவ பேட்ச் தொடங்கும். ஆனா எல்லாக் கோர்ஸும் எல்லா பேட்ச்லயும் வராது, லிஸ்ட் வந்தவொடனே பாத்துக்கிடுங்க.

கணக்கு இப்படி: வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25, கடைசிப் பரீட்சைக்கு 75. பாஸ் பண்ணணும்னா அசைன்மென்ட்டுல 10, பரீட்சையில 30 ரெண்டும் தனித்தனியா வேணும். பரீட்சைக்குக் கட்டணம் 1,000 ரூவா, எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. ஆன்லைன் கோர்ஸ்தான், ஆனா பரீட்சைய வீட்ல இருந்து எழுத முடியாது, சென்டருக்கு நேர்ல போவணும், அங்கன கம்ப்யூட்டர்ல எழுதணும். இது தெரியாமப் பலபேரு பணத்தக் கட்டிட்டு முழிக்காவ. நான் எழுதப்போன ஞாயித்துக்கெழம காலையில மொத பஸ்ஸ விட்டுட்டு, ஆட்டோவுக்கு 280 ரூவா அழுதுட்டு, வேத்து விறுவிறுத்துப் போயி ஒக்காந்தா, பக்கத்துல இருக்க பிள்ளைக பூரா பைத்தான், டேட்டாபேஸ்னு எழுதுதுவ. நம்ம ஒருத்தன் மட்டும் சினிமா. எனக்கே சிரிப்பு வந்துட்டு.

கேள்வி பெரும்பாலும் சரியான விடையத் தேர்ந்தெடுக்குற வகைதான். லட்சக்கணக்குல ஆளு படிக்குற எடத்துல வேற எப்படி நடத்த முடியும், அதக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதோட விளைவு என்னன்னா, நான் லிஸ்ட்ல இருந்த ரெண்டு படத்தப் பாக்காமலே பாஸ் பண்ணிட்டேன். லெக்சர் நோட்ஸ வச்சு ஓட்டிட்டேன். குலெஷோவ் எஃபெக்ட்னா என்னன்னு கேட்டா டிக் அடிச்சிருவேன்: ஒரே நடிகர் மூஞ்சி, அடுத்து ஒரு தடவ சூப்பு, ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொம்பள, பாக்குறவன் ஒவ்வொரு தடவையும் அந்த மூஞ்சியில வேற வேற உணர்ச்சியப் பாப்பான், மூஞ்சி மாறவே இல்ல. விடை கரெக்ட்டு. ஆனா நம்ம ஊருப் படத்துல அந்த வித்தை எங்க வருதுன்னு காட்டுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு முழிச்சிருப்பேன்.

அப்ப யாருக்கு? காலேஜ் பிள்ளைகளுக்கு. 2021 யுஜிசி விதிப்படி ஒரு டிகிரியில ஒரு செமஸ்டருக்கு வர்ற பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் வழியா எடுக்க காலேஜ் அனுமதிக்கலாம். "அனுமதிக்கலாம்"தான், "அனுமதிச்சே ஆவணும்" இல்ல. அதனால பேட்ச்ல சேருறதுக்கு முன்னாடியே ஹெச்ஓடிகிட்ட போயி எழுத்துல வாங்கிக்கிடுங்க. "பாத்துக்கிடலாம்மா"ன்னு வாயால சொன்னத நம்பி எழுதிட்டு அப்புறம் கிரெடிட் ஏறலன்னு அழுத பிள்ளைகள எனக்குத் தெரியும். கெடு இருந்தாத்தான் படிப்பேன்னு இருக்குறவுகளுக்கும் இது நல்லது, வாராவாரம் மண்டையில கொட்டிக்கிட்டே இருக்கும்.

## கோர்செரா

இது பல யுனிவர்சிட்டிப் பாடத்த ஒரே எடத்துல போடுற தனியார் தளம். அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஸ்காட் ஹிகின்ஸ் நடத்துன ஹாலிவுட் மொழி பத்துன பாடம் இதுல உண்டு. சத்தமும் கலரும் சினிமாவுக்குள்ள வந்தப்போ கதை சொல்லுற வெதம் எப்படி மாறுச்சுங்குறதுதான் விசயம். ரொம்பத் தெளிவா, மெதுவா எடுப்பாரு, சப்டைட்டில் போட்டுக்கிட்டா இங்கிலீஷ் தகராறு இல்ல.

ஓசியாப் பாக்க வழி இருக்குற கோர்ஸ்ல கூட அசைன்மென்ட்டு, சர்ட்டிபிகேட்டு பூட்டியே இருக்கும், அது வேணும்னா பணம் கட்டணும். ஃபைனான்சியல் எய்ட்னு ஒரு விண்ணப்பம் உண்டு, ஏன் வேணும்னு காரணம் எழுதி அனுப்பிட்டுக் காத்திருக்கணும். எழுதுறதுக்குக் கூச்சப்படாதிய, அது பிச்சை இல்ல.

எழுத்து விசயத்துல இவுகளுக்கு ஒரு ஏற்பாடு: கூடப் படிக்குறவுகளே ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கிடணும். கேக்க நல்லா இருக்கு. நடப்புல பிரேசில்லயோ எங்கயோ இருக்குற ஒருத்தரு, அவரும் நம்மள மாதிரி கத்துக்குட்டி, "குட் ஜாப்"னு போட்டுட்டுப் போயிருவாரு. பத்துக்கு ஒருத்தர் உருப்படியா எழுதுவாரு. நான் பாதியில விட்ட கோர்ஸ் இந்தச் சாதிதான், குத்தம் அவுக மேல இல்ல, கெடு இல்லாம என்னால படிக்க முடியல. ஆடித் தள்ளுபடி வந்துச்சு, கடையில கணக்கு குவிஞ்சுது, "அடுத்த வாரம்"னு சொன்னது அடுத்த வருசம் ஆயிட்டு.

## எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர்

எம்ஐடிங்குற அமெரிக்க யுனிவர்சிட்டி, அவுக பாடத்த யாரும் படிக்கட்டும்னு ஓசியாப் போட்டிருக்குற தளம் இது. ஓசியில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். டேவிட் தோர்பர்ன்னு ஒரு பேராசிரியர், 2013ல கிளாஸ்ல நின்னு எடுத்த பாடத்த அப்படியே வீடியோவாப் போட்டிருக்காவ. ஊமைப்படத்துல தொடங்கி கீட்டன், சாப்ளின், ஹிட்ச்காக், ரென்வார், குரோசவான்னு டைரக்டர் வரிசையாப் போவும். மேசையில சாஞ்சுக்கிட்டு, சட்டுன்னு வேற விசயத்துக்குப் போயி, திரும்பி வந்து, ஒரு பழைய தமிழாசிரியர் கிளாஸ்ல இருந்தாப்ல இருக்கும். எங்க இங்கிலீஷ் வேகம் எட்டலையோ அங்க 0.75ல வச்சுக் கேளுங்க. வீடியோவ டவுன்லோட் பண்ணவும் விட்டுருக்காவ, வைஃபை இருக்குற எடத்துல எறக்கி வச்சுக்கிட்டா டேட்டா கவலை கெடையாது. தென்காசி பாசஞ்சர்ல போயி வந்துக்கிட்டே ஆறு லெக்சர் முடிச்சேன்.

சர்ட்டிபிகேட்டு கெடையாது, கேள்வி கேக்க ஆளு கெடையாது, திருத்த ஆளு கெடையாது. நம்ம ஊரு சினிமாவப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது, அது அவுக வேலையும் இல்ல.

## லைவ் ரசனை வகுப்பு

பூனாவுல 1960ல தொடங்குன திரைப்படக் கல்லூரி, அதான் எஃப்டிஐஐ, பழைய பிரபாத் ஸ்டுடியோ எடத்துல இருக்குல்லா, அதுவும் 1964ல தொடங்குன தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும் சேந்து கோடைக்கு நடத்துற ரசனை வகுப்பு, அதான் ஃபிலிம் அப்ரிசியேஷன் கோர்ஸ், ரொம்பப் பேரு போனது. அங்க போயித் தங்க முடியாதவுகளுக்கு, கொரோனாவுக்கு அப்புறம் ஆன்லைன்லயும் ரசனை வகுப்பு நடத்துதாவ. இதப் பாத்து வேற சில நிறுவனங்களும் சின்னச் சின்ன பேட்ச்சா, சாயங்காலம், நேர்ல பேசிக்கிட வசதியா நடத்துதாவ.

நான் போனது அப்படி ஒரு அஞ்சு வார வகுப்பு, சாயங்காலம் 6 மணியில இருந்து 8:30. கட்டுனது 7,000 ரூவாய்க்குப் பக்கம். கடையில சாயங்காலந்தான் கூட்டமே, மொதலாளிகிட்ட கெஞ்சி, காலையில ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்துருதேன்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டாரு. ரெண்டு நாளு கரண்டு போயி செல்போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டுனேன், ஒரு நாளு முழுசாப் போச்சு. வாத்தியாரு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு வேகமானா ஹிந்திக்குத் தாவிருவாரு, நமக்கு அங்கன படம் மட்டுந்தான் தெரியும்.

இவ்வளவு இருந்தும் நான் குடுத்த காசுல உருப்பட்ட காசு இதுதான். ஏன்னு சொல்லுதேன்.

மூணாவது வாரம் ஒரு வேலை குடுத்தாவ: பிடிச்ச படத்துல இருந்து அஞ்சு நிமிசம் எடுத்து அலசி எழுதணும். நான் உதிரிப்பூக்கள் கடைசி ஆத்தங்கரைக் காட்சிய எடுத்தேன். 1979ல வந்த மகேந்திரன் படம், நம்ம ஊரு புதுமைப்பித்தன் எழுதுன சிற்றன்னையில இருந்து கெளம்புனது, அந்தப் பாசம் எனக்கு. ரெண்டு பக்கம் உருகி உருகி எழுதி அனுப்பிட்டேன், படத்துல வர்ற அந்தப் புருசனோட கொடூரம், ஊரோட கோவம், கதையில இருந்து படம் எங்க விலகுது, எல்லாம். திரும்பி வந்த தாள்ல செவப்புல ஒரே வரி: "கதையச் சொல்லிட்டீங்க. கேமரா எங்க நிக்குது?"

எரிச்சலாத்தான் இருந்துச்சு. ராத்திரி சாப்பிட்டுட்டு நோட்ட எடுத்து அஞ்சு கோடு போட்டேன், கடைக் கணக்கு நோட்டுதான், அதுல ஏற்கனவே பத்தி இருக்கும். ஷாட் நம்பர், எத்தன செகண்டு, கிட்டயா தூரமா, கேமரா அசையுதா, காதுல என்ன கேக்கு. செல்போன்ல ஓட விட்டு, வெட்டு வர்ற எடத்துல நிப்பாட்டி, எழுதி, திரும்ப ஓட விட்டு. மொத ராத்திரி ஒரு நிமிசத்தக் கூடத் தாண்டல. மூணாவது ராத்திரிதான் பிடிபட்டுச்சு, ஊர்க்காரவுக மூஞ்சி எப்போ வருது, தண்ணி எப்போ வருது, எப்போ எல்லாரும் சும்மா இருக்காவன்னு வரிசையாப் பாத்தா, நான் உருகி எழுதுன ரெண்டு பக்கத்துல பாதி என் தலைக்குள்ள இருந்து வந்தது, படத்துல அது இல்ல. மறுபடி எழுதுனேன், ஒண்ணே கால் பக்கம். அதுக்கு "இப்ப பாத்திருக்கீங்க"ன்னு வந்துச்சு.

அந்த ஒரு வரிக்கு 7,000 ரூவா, கரண்டு கட்டு, மொதலாளி மொறப்பு எல்லாம் குடுக்கலாம். ஆனா ஒண்ணு, லைவ்னு பேரு போட்ட எல்லா வகுப்புலயும் இது நடக்காது. 200 பேர ஒரே ஜூம்ல அடைச்சா அதுவும் யூடியூப்தான். 25, 30 பேருக்குள்ள இருந்தா மட்டும் யோசிங்க.

## இன்ஸ்டாவுல வர்ற அகாடமிக

இதுல அதிக நேரம் நிக்க வேண்டாம். பேரு சொல்ல விரும்பல, 6,500 ரூவா கட்டுனேன், ஆஃபர் இன்னைக்கு ராத்திரி 12 மணியோட முடியுதுன்னு டைமர் ஓடுச்சு, மறுநா காலையிலயும் அதே டைமர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 22 வீடியோ, எல்லாம் முன்னாடியே எடுத்து வச்சது, அதுல பாதி யூடியூப்ல இருக்குறத விட மோசம். வாட்ஸ்அப் குரூப்புல கேள்வி கேட்டா கைகூப்புற படம் மட்டும் வரும். "லைஃப்டைம் ஆக்சஸ்"னு போட்டிருந்தாவ, யாரோட லைஃப்டைம்னு போடல, எட்டு மாசத்துல சைட்டே காணாமப் போச்சு. தமிழ்ல நடத்துதாவங்குற ஒரே ஆசையில போயி விழுந்தேன். தமிழ்ல நல்லா நடத்துறவுகளும் இருப்பாவ, ஒரு வகுப்பு சும்மா காட்டச் சொல்லிட்டு அப்புறம் பணத்த எடுங்க.

## நாமளே கூடி

நெல்லைக்கு இது புதுசு இல்ல. காஞ்சனை திரைப்பட இயக்கம் இந்த ஊர்ல ஒலக சினிமா காட்டுன காலம் ஒண்ணு உண்டு. அத நடத்துன ஆர்.ஆர்.சீனிவாசன்தான் 1999 தாமிரபரணிப் படுகொலையப் பத்தி நதியின் மரணம்னு ஆவணப்படம் எடுத்தாரு. ஓடிடி இல்லாத காலத்துல படப்பெட்டியத் தேடிப் பிடிச்சுக் காட்டியிருக்காவ. இப்ப நம்ம கையில பெட்டியே இருக்கு, ஆளுதான் சேர மாட்டேங்குது.

நாங்க ஆறு பேரு பெருமாள்புரத்துல ஒரு சேக்காளி வீட்டு மொட்டமாடியில மாசம் ஒரு ஞாயிறு கூடுதோம். புரொஜக்டர் வாடகை 800 ரூவா, தலைக்கு 133 ரூவா சொச்சம். தெரைக்கு அவுக அப்பா எட்டுமுழ வேட்டி. ஆனி மாசம், சாரல் காத்து தூக்கிக்கிட்டுப் போவுது, 1925ல வந்த ரஷ்ய ஊமைப்படம் பொட்டெம்கின் ஓடுது, ஒடேசா ஊர்ப் படிக்கட்டுல புள்ளையோட ஒரு தள்ளுவண்டி உருண்டு வருமே அந்தக் காட்சி, ஜனங்க உருண்டு ஓட ஓட வேட்டியும் படபடன்னு அடிக்கு, சரிகைக் கரை போட்ட ஒடேசாப் படிக்கட்டு நாங்க மட்டுந்தான் பாத்திருப்போம். முடிஞ்சதும் அவுக அம்மா டீ கொண்டாந்துட்டு "என்னத்துக்குடே அந்தப் புள்ள வண்டிய விட்டாவ"ன்னு கேட்டாவ பாருங்க. அந்தத் தள்ளுவண்டி கடைசியில என்ன ஆச்சுன்னு படம் காட்டலையேன்னு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். மாண்டாஜ், அதான் ஷாட்ட வெட்டி ஒட்டி அர்த்தம் உண்டாக்குற வித்தை, அதப் பத்தி நான் கேட்ட லெக்சர் எல்லாத்தையும் விட அந்தச் சண்டை மனசுல நிக்கி.

1902ல வந்த மெலியேயோட நிலாப் பயணம், 1920ல வந்த காலிகரி, இந்த மாதிரிப் பழைய ஊமைப்படமெல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்குற சைட்ல ஓசியாக் கெடைக்கு. புத்தகம்னா தியடோர் பாஸ்கரன் தமிழ்ல எழுதுன எம் தமிழர் செய்த படம், நம்ம சினிமா வரலாறுக்கு அங்கன தொடங்குங்க. இங்கிலீஷ்ல டேவிட் பார்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்சனும் சேந்து எழுதுன ஃபிலிம் ஆர்ட்தான் 1979ல இருந்து ஒலகம் பூரா பாடப்புத்தகம். வெல தாங்காது, பழைய பதிப்பு போதும். பார்ட்வெல் 2024ல தவறிட்டாரு, ஆனா அவரு சைட்ல எழுதிக் குவிச்ச கட்டுரை எல்லாம் இன்னும் ஓசியில வாசிக்கலாம், ஸ்டில்லு போட்டு ஷாட் ஷாட்டா வெளக்கியிருப்பாரு.

இதோட கஷ்டம் என்னன்னா, திட்டம் யாரும் போட்டுத் தரமாட்டாவ. மூணாவது மாசம் கூட்டம் மூணு பேரா ஆயிரும், ரெண்டு பேரு பிரியாணி பேசுவாவ. அதனால நாங்க எம்ஐடி பாட வரிசையவே முதுகெலும்பா வச்சுக்கிட்டோம், அதுல வர்ற படத்தத்தான் போடுதோம். படம் முடிஞ்ச வாரத்துக்குள்ள ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி குரூப்ல போடணும், போடலைன்னா அடுத்த மாசம் டீச்செலவு அவனோடது. ஒரு சேக்காளி தொடர்ந்து நாலு மாசமா டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கான்.

## நேர்ல படிக்குற வழி?

ஒரு வரியில: அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல தகவல் தொடர்பியல் துறை இருக்கு, முழுநேரமா வருசக்கணக்குல படிக்க முடியுறவுகளுக்கு அது வேற ரூட்டு, இங்கன அதப் பேசல.

## காசு கட்டுறதுக்கு முன்ன

போன் போட்டு மூணு கேளுங்க. ஒரு பேட்ச்ல எத்தன பேரு? நான் எழுதித் தர்றத யாரு படிப்பா, எத்தன தடவ? முழுப்படத்த நீங்க காட்டுவியளா, நான் தேடணுமா? ரெண்டாவது கேள்விக்கு "சர்ட்டிபிகேட் உண்டு சார்"னு பதில் வந்தா போன வச்சிருங்க.

அம்பை தங்கச்சிக்கு ஸ்வயம்தான்னு சொன்னேன், அவளுக்குக் கிரெடிட் வேணும், இங்கிலீஷ் பிரச்சன இல்ல, லைப்ரரி இருக்கு. ஹெச்ஓடி கையெழுத்துப் போட்ட லெட்டர போட்டோ எடுத்து அனுப்பிட்டா, ஜூலை பேட்ச் வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கா. தென்காசி அண்ணாச்சிக்கு எம்ஐடி வீடியோவ பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தேன், டிவியில போட்டுப் பாக்காவ, ஒம்பதாவது லெக்சர்ல இருக்காவ. கீட்டன் படத்த பேரனோட ரெண்டு தடவ பாத்துட்டாவளாம். ராத்திரி பத்து மணிக்கு மேல வாய்ஸ் நோட்டு வருது, எழுதச் சொன்னா கேக்க மாட்டேங்காவ.

மொபைல் கடைத் தம்பி லைவ் வகுப்புக்குப் பணம் சேத்துக்கிட்டு இருக்கான். கட்டுறதுக்கு முன்னாடி பிடிச்ச காட்சி ஒண்ணப் பத்தி முன்னூறு வார்த்தை எழுதி எனக்கு அனுப்புலேன்னு சொன்னேன், கதைய எழுதாத, கேமரா எங்க நிக்குன்னு எழுதுன்னும் சொன்னேன். "நாளைக்கு அனுப்புதேன்ணே"ன்னான். பதினோரு நாளு ஆச்சு.